ஓவனில் மாவிளக்கு

அம்மாவுக்கு மஞ்சுளா கும்பிட்டு எயுதறது. மூட்டுவலி தேவலையா? எம்பொண்ணு சுதா ஸ்கூலுக்கு ஒயுங்கா போறாளா?

மஸ்கட்ல எனக்கு சொகந்தான். மேடத்தோட ஆயா வச்சிருந்த பழைய சமையல் புத்தகத்தை அவங்க பெரிய பொண்ணு படிச்சிக்காட்ட, கேக் செஞ்சேன். ஆடி மாசமாச்சேன்னு பசங்களோட மாவிளக்கும் புடிச்சேன். சின்னவ, இதுவும் வேவட்டும்னு நெய்யோட ஓவன்ல வச்சிட்டா. நெய் வழிஞ்சு பத்திக்கிச்சு. கொயந்தைக்கு ஒண்ணும் ஆவல, பயப்படாத. மேடம் திட்டக்கூட இல்ல. என் போனை மட்டும் வாங்கி வச்சிக்கினாங்க. சார் வெள்ளிக்கிழமை வந்து பேசுவாராம்.

நம்மூரு டிரைவர் கலைச்செல்வன் அண்ணன் லீவுல வரார், அவராண்ட இதைக் குடுத்தனுப்பறேன். அவர் திரும்பும்போது சுதா போட்ட சட்டை ஒண்ணு தொவைக்காம குடுத்தனுப்பு. அவளை அடுப்பாண்ட விடாத.

மேடம் கூப்பிடறாங்க. எயுத்து கோணலா கீதேன்னு யோசிக்காத. எடது கையால எயுதறது இங்க பசங்களோட ஒரு வெளையாட்டு.

மஞ்சுளா