எட்டுக் கல்லூரிக் கிண்ணம்

மச்சான்,

எட்டு யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் டென்மார்க்கில் தொடங்கிய உதைபந்தாட்டக் கிண்ணத்துக்கு இம்முறை எங்கள் கல்லூரி மட்டுமே வந்தது. ஸ்கீவ நகர மைதானத்தில் ஆறு பேர் நின்றோம். ஐந்து பேருக்கு முழங்கால் சரியில்லை. கொண்டுபோன ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

உங்கள் கல்லூரிக்காக விளையாட வந்த உன் மகன் தாரகனைப் பதினாறு வயதில் மறித்தது, கிண்ணத்தின் செயலாளரான நான்தான். "அங்க படிச்சவைதான் விளையாடலாம்" என்றேன். "இஞ்ச பிறந்த பிள்ளை அங்க எப்பிடியடா படிக்கிறது?" என்று கேட்டுவிட்டு உங்கள் அணியையும் கூட்டிக்கொண்டு வெளியேறியவன் நீ. இருபது வருடமாகிவிட்டது.

நேற்று அந்த விதியை எடுத்துவிட்டோம். முதலில் தாரகனுக்குத்தான் போன் எடுத்தேன்.

"நான் அங்க படிக்கேல்லையே, மாமா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

கிண்ணம் என் கராஜில் கிடக்கிறது.

இன்னமும் செயலாளராக இருக்கும்
உன் கூட்டாளி