வெறுங்கையோடு வா, அண்ணே

பிப்ரவரி 2, திங்கள், அல் குசைஸ்

சட்டை முதுகில் குத்த வேண்டிய எண் இன்று வந்தது. ஊக்கு குத்திப் பழகும்போதே விரலில் ஏறிவிட்டது. ரத்தம் வந்தது. நல்ல ஆரம்பம்!

வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள் சைக்கிள் பந்தயம். கடற்கரையில் தொடங்கி, ராஸ் அல் கைமா மலை, அப்புறம் பாலைவனம், கடைசி நாள் அல் ஐனில் ஜபல் ஹஃபீத் மலை உச்சி. எங்கள் டீமில் ஆறு பெண்கள். மார்த்தா ஜெயிக்க வந்தவள், போர்ச்சுகல்காரி, மலையில் ஆடு மாதிரி ஏறுவாள். நாங்கள் ஐந்து பேர் அவளுக்காக ஓட்டுகிறோம். நான் அந்த ஐந்திலும் கடைசி. டீம் காருக்குப் பின்வாங்கிப் போய், சட்டைக்குள் முன்னும் பின்னும் தண்ணீர் பாட்டிலைச் செருகிக்கொண்டு, மறுபடி கூட்டத்தை எட்டிப் பிடித்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். தண்ணீர் லாரி என்று என்னை நானே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

மேனேஜர் ஹஸ்னைன் பாய் ஹைதராபாத்காரர். சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டார். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. விசாவும் டீம் பேரில்தான். "பெஹலே ரேஸ் பூரா கரோ, ஃபிர் பாத் கரேங்கே" என்றார். முதலில் பந்தயத்தை முழுசாக முடி, அப்புறம் பேசலாம். அவர் சொன்னதில் தப்பில்லை. போன வருடம் இரண்டு பந்தயம். ஒன்றில் விழுந்தேன். இன்னொன்றில் கெடு நேரத்துக்குள் வரவில்லை என்று வெளியே அனுப்பினார்கள். இரண்டு முடிவுப் பட்டியலிலும் என் பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை'. சைக்கிள் கடையில் இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்தவள் நான். முடிக்கவில்லை என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முடிப்பேன். ஊர்ந்தாவது முடிப்பேன்.

அண்ணன் சரவணன் போன் செய்தான். அல் ஐனில் சாலையோரப் பேரீச்சை மரங்களுக்குத் தண்ணீர் விடும் கம்பெனியில் இருக்கிறான், தங்கல் அவர்கள் தொழிலாளர் கேம்பில். "ஞாயித்துக்கெழமை எங்களுக்கு லீவு. ரூமே கெளம்பி மலைக்கு வருது பாத்துக்க" என்றான். சந்தோஷம்தான். கொஞ்சம் பயமாகவும் இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

முதல் நாள் முடிந்தது. கடல் காற்று பக்கவாட்டில் அறைந்தது. கூட்டம் துண்டு துண்டாகப் பிய்ந்துபோனது. மார்த்தாவை முன் துண்டிலேயே ஒட்ட வைத்தோம். நான் பின் துண்டில், ஆனால் கெடுவுக்குள். தோளில் உப்பு பூத்திருக்கிறது. தக்ஷா அக்கா தேய்த்துவிட்டுக்கொண்டே, "உன்ர காலைப் பார், கருங்கல்லு மாதிரிக் கிடக்கு" என்றார். அக்கா யாழ்ப்பாணம். எங்களுக்கு மசாஜ், சாப்பாட்டுப் பை எல்லாம் அவர் பொறுப்பு. இந்த டீமில் என்னோடு தமிழில் பேச அவர் ஒருவர்தான், அதனால் இரண்டு பேருக்கும் வாய் ஓயாது.

பிப்ரவரி 6, வெள்ளி, ராஸ் அல் கைமா

முட்டாள். முட்டாள். முட்டாள்.

மலை ஏற்றத்தில் பின்தங்கியவர்கள் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. உச்சிக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு குரல். "ஏ பானு! தங்கச்சி! சரவணன் அனுப்புன ஆளு!" திரும்பினால் தியாகு. அண்ணனோடு முன்பு ஒரே அறையில் இருந்தவர், இப்போது இங்கே ஒரு கல் குவாரியில் டிரைவர். இரண்டு கையாலும் தண்ணீர் பாட்டிலை ஏந்திக்கொண்டு ஓடி வந்தார், கோயிலில் தட்டு ஏந்துகிற மாதிரி. பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிறவர் முகம் அவருக்கு.

வாங்கிவிட்டேன்.

வாங்கக் கூடாது! முடிவுக்கு நெருக்கத்தில் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி. தினமும் காலையில் ஹஸ்னைன் பாய் இதைச் சொல்கிறார். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நம் ஆள் ஒருத்தர் தண்ணீரை நீட்டும்போது கை தானாகப் போய்விடுகிறது. வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. பின்னாலேயே நடுவர் மோட்டார்சைக்கிள்.

மஞ்சள் அட்டை. நேரத்திலும் அபராதம் கூட்டினார்கள். இந்தப் பந்தயத்தில் இன்னொரு மஞ்சள் வந்தால் வெளியே. வாங்கினால் மட்டுமல்ல, பார்க்க வந்தவர்கள் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாலும் அட்டைதானாம். ஹஸ்னைன் பாய் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் அண்ணன் போன். "தியாகு வீடியோ அனுப்பிருக்கான்! நீ வாங்கிக் குடிச்சியாமே! கேம்ப் பூரா பாத்துட்டானுங்க. ஞாயித்துக்கெழமை பாரு, நாங்க என்ன கொண்டாரோம்னு!" அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஐந்து வருடமாகப் போனில் மட்டுமே 'சாப்பிட்டியா' என்று என்னைக் கேட்டுக்கொண்டிருப்பவன். அவன் ஏற்பாடு செய்த தண்ணீரால்தான் எனக்கு அட்டை விழுந்தது என்று எந்த வாயால் சொல்ல?

"சரிண்ணே" என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 7, சனி

பாலைவனம் முடிந்தது. நேர்ச்சாலை, காற்று, மணல், அவ்வளவுதான். கெடுவுக்குள் வந்தேன். நாளை ஹஃபீத்.

தக்ஷா அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "அண்ணாட்டைச் சொல்லிப்போட்டியே?"

"இல்லக்கா."

"உனக்கென்ன விசரே? அந்தாள் நாளைக்கு அண்டா நிறையத் தண்ணியோட வந்து நிக்கப்போறார். அவர் என்ன, குழந்தைப்பிள்ளையே? சொன்னா விளங்கும்தானே."

சொன்னால் புரியும்தான். புரிந்த பிறகு அவன் முகம் எப்படி ஆகும் என்பதுதான் என் கவலை. தானாகவே எல்லாவற்றையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிற ஆள் அவன். மெசேஜ் அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். கடைசியில் போனது இதுதான்: "அண்ணே, நாளைக்கு எதுவும் கொண்டு வராதே. சும்மா வா."

உடனே பதில். கூடவே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக. "தங்கச்சியப் பாக்க வெறுங்கையோடயா வருவாங்க? போய்த் தூங்கு."

பானுப்பிரியா, நீ ஒரு கோழை. மலையில் மட்டும்தான் உனக்குத் தைரியம்.

பிப்ரவரி 8, ஞாயிறு, அல் ஐன்

முடித்தேன்.

அந்த ஒரு வார்த்தையை முதலில் எழுதிவிடலாம் என்று எழுதினேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

அல் ஐன் ஊருக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் பேரீச்சை. இதில் எது அண்ணன் தண்ணீர் விட்ட மரமோ என்று நினைத்துக்கொண்டே எதிர்காற்றில் கூட்டத்தின் முன்னால் இழுத்தேன். எனக்குப் பின்னால் என் சக்கரத்தை ஒட்டி மார்த்தா. காற்று முழுக்க என் மார்பில். அவளுக்குச் சிரமம் இல்லாமல் மலையடிவாரம் வரை கொண்டுபோய் விடுவதுதான் என் வேலை. விட்டேன். கையில் இருந்த கடைசி பாட்டிலையும் அவளிடம் கொடுத்தேன். முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு அவள் பறந்துவிட்டாள்.

காதில் செருகிய ரேடியோவில் ஹஸ்னைன் பாய். "ஷாபாஷ் பானு. காம் கதம். வேன் மே ஆ ஜாவோ." வேலை முடிந்தது, வேனில் ஏறிக்கொள். தன் வேலை முடிந்த உதவிக்காரி கடைசி நாளில் இறங்கிவிடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் பட்டியலில் மறுபடி 'முடிக்கவில்லை' ஏறும், பந்தயத்தை முழுசாக முடி என்று சொன்னவரும் இவர்தான்.

"நஹி, பாய்" என்றேன்.

அவர், "டீக் ஹை. தேரி மர்ஸி." உன் இஷ்டம்.

அதற்குப் பிறகு நானும் மலையும்தான். மரம் கிடையாது, நிழல் கிடையாது. வளைந்து வளைந்து மேலே போகிற தார்ச்சாலை. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போய்விட்டார்கள். நான்தான் கடைசி. எனக்குப் பின்னால் நடுவரின் மோட்டார்சைக்கிள், அதற்குப் பின்னால் விட்டவர்களை அள்ளிப்போகும் வேன். அதன் இன்ஜின் சத்தம் முதுகிலேயே உறுமிக்கொண்டு வந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. போடி, போடி, அடுத்த வளைவு வரைக்கும் போடி என்று என்னையே திட்டிக்கொண்டு மிதித்தேன்.

அந்த வளைவில் எவர்சில்வர் தட்டு அடிக்கிற சத்தம் கேட்டது.

இருபது பேர் இருப்பார்கள். துண்டைச் சுழற்றிக்கொண்டு, அட்டையில் என் பெயரைத் தமிழில் எழுதித் தூக்கிக்கொண்டு. முன்னால் அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையில். கையில் பெரிய பாட்டில். மோர். கறிவேப்பிலை மிதப்பது தெரிந்தது. பெருங்காய வாசனைகூட வந்தது, சத்தியமாக வந்தது. இரண்டு பேர் என்னைத் தள்ளிவிடுவதற்குக் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க! தள்ளிப் போங்க!"

அது என் குரலா? பேய் பிடித்தவள் மாதிரிக் கத்தினேன். அவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அண்ணன் மட்டும் கேட்கவில்லை. என் கூடவே ஓடி வந்தான். "பானு, ஒரு வாய் குடிச்சிட்டுப் போம்மா. ஒரே ஒரு வாய். ஒதடு வெடிச்சிருக்கு பாரு." பாட்டிலை என் வாய்க்கு நேராக நீட்டினான். மோட்டார்சைக்கிள் பக்கத்திலேயே வந்துவிட்டது.

"வேணாம்! போயிரு! போ!"

கையால் தட்டிவிட்டேன். மோர் சாலையில் கொட்டியது. அவன் சட்டையிலும். தட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன். அழுகையும் வரவில்லை, உடம்பில் அதற்கும் தண்ணீர் இல்லை. இவ்வளவு பண்ணிவிட்டு முடிக்காமல் போனால் அதுதான் பாவம். அந்த ஒரு நினைப்புதான் மீதி வளைவுகளில் என்னை ஏற்றியது. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது கெடு முடியக் கொஞ்ச நேரமே பாக்கி. தக்ஷா அக்கா துண்டால் என்னை மூடி, "முடிச்சுப்போட்டாயடி, முடிச்சுப்போட்டாய்" என்று அழுதார். அவர் தோளில் சாய்ந்த பிறகுதான் எனக்கும் வந்தது.

கீழே இறங்கி வருவதற்குள் கேம்ப் பஸ் போய்விட்டது. வளைவில் தார் மேல் வெள்ளையாகக் காய்ந்த கறை மட்டும் இருந்தது. அண்ணன் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 9, திங்கள், அல் குசைஸ்

மார்த்தா மொத்தத்தில் ஆறாவது. நான் கடைசி. என் பெயருக்கு எதிரே முதல்முறையாக நேரம் போட்டிருக்கிறார்கள். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அண்ணன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 11, புதன்

இன்றும் எடுக்கவில்லை. மெசேஜில் எழுத மாட்டேன். இதை நேரில்தான் சொல்ல வேண்டும், அவன் திட்டினாலும் பரவாயில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

ஹஸ்னைன் பாய் காரை நிறுத்தாமலே கண்ணாடியை இறக்கி, "ஏ பானு, தோ போட்டோ லே ஆனா. ஒயிட் பேக்கிரவுண்ட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெள்ளைப் பின்னணியில் இரண்டு போட்டோ. விசா புதுப்பிக்கத்தான் அது கேட்பார்கள். இந்த ஊரில் அதைவிட நல்ல சேதி கிடையாது.

முதலில் சொல்ல வேண்டிய ஆள் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலை பஸ்ஸில் அல் ஐன். அது ஆண்கள் கேம்ப், பெண்கள் உள்ளே போக முடியாது. வாட்ச்மேனிடம் சொல்லியனுப்பிவிட்டு எதிரே இருந்த பகாலா மளிகைக் கடை வாசலில் நின்றேன். வரும் வரைக்கும் நகர மாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தேன்.

வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"இருவது பேருக்கு முன்னால போயிருன்னு சொல்லிட்டல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். தியாகு கொடுத்த தண்ணீர், மஞ்சள் அட்டை, இன்னொன்று விழுந்தால் வெளியே என்பது, விசா, எதையும் விடவில்லை. நான் சொல்லச் சொல்ல அவன் என் பக்கம் திரும்பினான்.

"அப்ப தியாகு குடுத்ததுக்கே அட்டையா? நான்தானே அவனப் போகச் சொன்னேன்." நான் பயந்த மாதிரியே முகம் வாடிப்போனது. அடுத்த நிமிடமே கோபம் வந்துவிட்டது. "ஏண்டி, இத வெள்ளிக்கெழமையே சொல்றதுக்கென்ன? சொல்லியிருந்தா ஒருத்தனக்கூட ரோட்டுல கால் வைக்க விட்டுருக்க மாட்டேனே! கயிறு கட்டி நிப்பாட்டியிருப்பேன். நீ கத்துனது எனக்கு வலிக்கல. என்கிட்ட சொல்லல பாரு, அதான்."

"தப்புத்தான்ணே."

சட்டென்று உள்ளே போனான். போய்விட்டானோ என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் அதே மாதிரி பாட்டில், புதிதாகக் கடைந்த மோர்.

"இப்பக் குடிக்கலாமா? மோட்டார்சைக்கிள்காரன் எவனும் வரலியே?" என்று ரோட்டின் இரண்டு பக்கமும் நிஜமாகவே எட்டிப் பார்த்தான்.

மூச்சு விடாமல் குடித்தேன். "உப்பு ஜாஸ்தி" என்றேன். இனி எதையும் மறைப்பதாக இல்லை.

"அடுத்த வருசம் வெறுங்கையோட வந்து நிக்கிறேன், போதுமா? கை தட்டுறதுக்கு ரெண்டு கையும் வேணும்ல."

அடுத்த வருடம் என்றதும் போட்டோ ஞாபகம் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். அங்கேயே ஒரு ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனான். விசா போட்டோவில் சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். அண்ணன் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு வெறுங்கையையும் விரித்து விரித்துக் காட்டினான். திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாகிவிட்டது.