பதினான்கு பிள்ளைகளுக்கான மாத்திரை

மார்ச் 4
இன்றும் வாலு சிரப்பைத் துப்பிவிட்டாள். என் சீருடை முழுக்க மஞ்சள் கறை. ஆறு வயதில் என்ன பிடிவாதம்! எச்.ஐ.வி.யோடு பிறந்தவள், தினம் இரண்டு வேளை அந்தக் கசப்பை விழுங்கியாக வேண்டும். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். துப்பாமல் என்ன செய்வாள்? ரத்தப் பரிசோதனையில் வைரஸ் அளவு மறுபடி ஏறியிருக்கிறது. எங்கள் கிளினிக்கில் இவளைப் போல் பதினான்கு பேர்.

மார்ச் 7
தலைமையகத்திலிருந்து வாத்து பேசினாள். நர்சிங் படிக்கும்போது ஒரே அறை. அவள் நடையைப் பார்த்து நான் வைத்த பெயர். தண்ணீரில் கரையும் புது மாத்திரையை நாடு முழுக்கக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு இப்போது அவளிடம். பழ வாசனையாம், ஒரு வேளை போதுமாம்!

“பதினாலு பேருக்கும் மாத்தியாச்சுன்னு படிவத்த நிரப்பி இப்பவே அனுப்பிடு. உன் பிள்ளைங்கதான்டி முதல்ல. திங்கக்கிழமை பெட்டி வந்துடும்.”

மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே கையெழுத்தா? போட்டேன். தாய்மாரிடமும் வாங்கினேன். வாத்து சொன்னால் சொன்னதுதான்.

மார்ச் 11
பெட்டி வரவில்லை.

மார்ச் 15
மருந்துக் கிடங்குக்குப் போனேன். சிரப்பும் கிடையாதாம். “உங்க பதினாலு பேரும் மாத்திரைக்கு மாறியாச்சே சிஸ்டர், அப்புறம் எதுக்கு சிரப்?” என்று என் கையெழுத்தை எனக்கே காட்டினார் கிடங்குக்காரர். மருந்து நின்றால் வைரஸ் சும்மா இருக்குமா? வாத்துக்கு ஏழு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 18
செய்தித்தாளில் படம். பெரிய ஆஸ்பத்திரியில் அமைச்சர் குழந்தைகளுக்கு மாத்திரை கொடுக்கிறார். பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய வாத்து. எங்கள் பெட்டி அங்கே போயிருக்கிறது.

ஒருவழியாகப் போனை எடுத்தாள். “விழாவுக்கு வேணும்னாங்க, நான் என்ன பண்ண? லிஸ்ட்ல உன் பிள்ளைங்க பேரு இருக்குல்ல, கொஞ்சம் பொறுத்துக்கோ.”

லிஸ்டா மருந்து குடிக்கப்போகிறது? மூன்று வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டோமேடி... நம்ப வெச்சு கழுத்தறுத்துட்டியே! என் கையாலேயே எழுதவும் வெச்சுட்டியே, பாவி.

மார்ச் 19
வாலுவின் அம்மா வந்தார். வீட்டிலிருந்த சிரப் நேற்றோடு தீர்ந்துவிட்டது.

“நீங்க சொன்னீங்கன்னுதானே சிஸ்டர் கையெழுத்து போட்டேன்?”

வாத்து எனக்குச் செய்ததை நான் இவருக்குச் செய்திருக்கிறேன்.

மார்ச் 20
தலைமையகத்து இயக்குநருக்கு எழுதினேன்: பதினான்கு படிவங்களும் பொய், பொய்யென்று தெரிந்தே கையெழுத்திட்டவள் நான், பிள்ளைகள் மருந்தில்லாமல் இருக்கிறார்கள். எங்கள் கிளினிக் டாக்டர் படித்துவிட்டு, “உங்க வேலைக்கு நீங்களே உலை வெச்சுக்காதீங்க” என்றார். அனுப்பிவிட்டேன்.

மார்ச் 22
இன்று வாத்துதான் விடாமல் போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. அழுதேன். அவளுக்காகவும்தான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 2
பெட்டி வந்தது. கூடவே எனக்கு விசாரணைக் கடிதமும்.

வாலு பதினான்கு நாள் மருந்தில்லாமல் இருந்திருக்கிறாள். என்ன ஆனதென்று அடுத்த பரிசோதனையில்தான் தெரியும். மாத்திரை கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கரண்டியையும் நக்கினாள்.

பதிவேட்டை அவள் அம்மா பக்கம் நகர்த்தினேன். அவர் பேனாவைத் தொடவில்லை. டப்பாவைத் திறந்து, மாத்திரைகளை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ணினார். முப்பதும் இருந்தன. அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.