கஞ்சி கொடுத்த வீடுகள்

பெரம்பலூர்
ஐப்பசி 18, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று சிறுவாச்சூர் காளியை நம்பியிருக்கிறேன். இந்த விஷயத்தைப் போனில் பேச முடியாது கண்ணு, பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், எனக்கும் பாதியில் அழுகை வந்துவிடும். ஆகையால் எழுதி, முன்பு என் மழை நோட்டை அனுப்பியது போலவே பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கூப்பிடு, நடுவில் கூப்பிடாதே.

நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இருந்தவர்களை எழுதிவிடுகிறேன். நம் தெருவின் கீழச்சாரியில் பதினாறு வீடு, மேலச்சாரியில் பதின்மூன்று வீடு, ஆக இருபத்தொன்பது வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. ஆண்கள் இருபத்தொரு பேர், பெண்கள் முப்பத்துநான்கு பேர். மேலச்சாரி கொத்தனார் சாமிதுரை மாமா முன்னால் உட்கார்ந்திருந்தார், நம் பக்கத்து வீட்டுப் பொன்னாயி அவள் வீட்டுக்காரர் செல்லதுரையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள், அப்பா ரெட்டிபாளையம் பேக்டரியில் ஷிப்ட் முடிந்து சிமெண்டுத் தூசியோடு அப்படியே வந்து தூண் ஓரமாக நின்றார். வராதவர் என்று யாருமில்லை. ஏனென்றால் காலையில் இருபத்தொன்பது கதவிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஏரியைச் சீர்திருத்தி, கரையில் மரம் வைத்து, நடைபாதை போடப் போகிறார்களாம், நம் தெரு முழுவதும் மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ஏறும் இடமாம், காலி செய்ய வேண்டுமாம். ஆட்சேபம் இருந்தால் வருகிற திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று போட்டிருந்தது. மாற்று வீடு பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, சுண்ணாம்புக்கல் தோண்டின பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கிற அடுக்குமாடியில், ஒரு நாளைக்கு இரண்டே பஸ். பொன்னாயி விடியற்காலை பஸ் ஸ்டாண்டில் இட்லி விற்கிறவள், செல்லதுரைக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, அவர்களுக்கு மூன்றாவது மாடி என்று எழுதியிருக்கிறது.

நோட்டீஸில் பாதி இங்கிலீஷ். எட்டாவதோடு நின்ற நான் உன் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உன்னோடு சேர்ந்து படித்ததில் எனக்குத்தான் கொஞ்சம் வாசிக்கத் தெரியும் என்று என் கையில் கொடுத்தார்கள். நானும் வரிக்கு வரி படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு படம், அதில் நம் தெரு முழுக்க நீலம். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பூ. சிவரஞ்சனி என்ற மாணவி வரைந்த படத்திலிருந்து எடுத்தது, ஆதாரம் அதே தெருவில் குடியிருக்கும் ஒருவரின் மழைக் குறிப்பேடு என்று. அந்த வரியை நான் வாசிக்கவில்லை பாப்பா. அம்மன் சன்னிதியில், கற்பூரம் எரியும்போதே, ஐம்பத்தைந்து பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டேன்.

அது நீ போன வருஷம் வகுப்புக்குப் போட்ட படம்தானே. ஊர் என்றால் தண்ணீருக்கும் ஒரு இடம் விட வேண்டும், விட்டால்தான் ஊர் நிலைக்கும், அதைத்தான் நான் படிக்கிறேன் என்று சொன்னாய். நம் தெருவில் எந்த வருஷம் எதுவரை தண்ணீர் ஏறியது என்று கேட்டாய். நானும் 2008 முதல் எழுதி வைத்த மழை நோட்டை எண்பத்தொரு பக்கமும் போட்டோ பிடித்து அனுப்பினேன். உங்கள் ஆசிரியர் மெச்சி அதை இணையத்தில் ஏற்றினார் என்று நீ சொன்ன அந்த வெள்ளிக்கிழமையே சிறுவாச்சூருக்குப் போய், அங்கேயே மாவு இடித்து மாவிளக்குப் போட்டேன். என் மகள் போட்ட படம் உலகம் முழுக்கத் தெரிகிறது என்று பொன்னாயிக்கும் ஒரு உருண்டை மாவு கொடுத்தேன். அவளும் வாயில் போட்டுக்கொண்டு உன்னை வாழ்த்தினாள்.

மண்டபத்தில் சாமிதுரை மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தங்கச்சி, நீதான் மனு எழுதணும். இந்தத் தெருவுல ஒரு நாளும் தண்ணி ஏறுனதில்லன்னு ஒரே வரி, இருபத்தொம்பது கையெழுத்து. உன் எழுத்தப் பாத்தா எந்த ஆபீசரும் நம்பிடுவான்." உடனே பொன்னாயி, "தண்ணியா, எந்தத் தண்ணி, நாங்க பாத்ததே இல்லியே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், செல்லதுரை கூடச் சிரித்தார். 2021 கார்த்திகையில் மண்டபத்துக்குக் கொண்டுபோக முடியாமல் இரண்டு நாள் அவரைக் கட்டிலோடு தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு, தண்ணீரில் நின்றுகொண்டே சோறு ஊட்டினவள் அவள். அவள் வீட்டில் ஆட்டுக்கல்லின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது என்று என் நோட்டில் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா கேட்டார், "என்னமோ ஒண்ண முழுங்கிட்ட, என்னது அது". சொன்னேன். அவர் வீட்டு வாசல் வரை நடந்தார். பிறகு, "அவ படிச்சு முடிக்கட்டும். ஊரு வாயில எம்பொண்ணு பேரு விழ வேணாம்" என்றார்.

இனிமேல் எழுதுவதுதான் முக்கியம், நிதானமாகப் படி. இன்று காலை பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்து, உன் படத்தையும் பக்கத்தில் வைத்து, வீடு வீடாக ஒத்துப் பார்த்தேன். நோட்டில் இரண்டு விதமாக எழுதியிருப்பேன். சில வீட்டுக்கு எதிரே இரண்டு படி, மூன்று படி என்று இருக்கும், அது தண்ணீர் வாசற்படி ஏறின அளவு. அந்த வீடுகள் பதினாறும் கீழச்சாரி, நம் வீடும் சேர்த்து. சில வீட்டுக்கு வெறும் பெயரும் ஒரு கோடும் மட்டும் இருக்கும். அது தண்ணீர் இல்லை கண்ணு, கஞ்சி. உனக்கு மூன்றாம் வகுப்பில் விஷக்காய்ச்சல் வந்தபோது, மழை நாளில் அடுப்பெரியாத வீட்டுக்கு என் கையால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறேன், ஆருக்கும் சொல்ல மாட்டேன் என்று காளியிடம் வேண்டிக்கொண்டேன். மழை வந்தால் கீழச்சாரி ஜனம் மண்டபத்துக்கு வந்துவிடும், அங்கேயே பொங்கி அங்கேயே சாப்பிடுவோம், அதற்குக் கணக்கு வேண்டியதில்லை. மேலச்சாரி மேடு, ஒரு சொட்டு ஏறாது, ஆனால் கொத்து வேலை, கூலி வேலை எல்லாம் நின்றுபோய் வீட்டுக்குள் பட்டினி கிடப்பார்கள். மண்டபத்துக்கு வரக் கூச்சப்படுவார்கள். அவர்களுக்குத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். வேண்டுதல் பிசகக் கூடாது என்று பெயரும் கோடும் போட்டு வைத்தேன். சொல்லக் கூடாத விஷயம் என்பதால் உன்னிடமும் சொல்லவில்லை. நான் கோடு போட்ட பதின்மூன்று வீட்டையும் நீ தண்ணீர் ஏறிய வீடு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாய். வேறு எப்படி நினைப்பாய், மழை நோட்டுதானே அது. தப்பு என் மேல். கஞ்சி கொடுத்த பாவத்துக்கு மேலச்சாரி முழுவதும் நீலமாகிக் கிடக்கிறது.

இப்போது நான் என்ன செய்ய, நீயே சொல். சாமிதுரை மாமா சொன்ன வரியை எழுதினால் அது பொய், அதுவும் என் கையெழுத்தில், என் நோட்டுக்கே எதிராக. நாளைக்கு யாராவது நோட்டைக் கேட்டால் உன் படிப்பும் பொய்யென்று ஆகும். உள்ளதை எழுதினால் பதின்மூன்று வீடு பிழைக்கும். ஆனால் அதற்கு அவர்கள் பின்வாசலில் என் கஞ்சியை வாங்கிக் குடித்ததை ஆபீஸில் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். சாமிதுரை மாமா போடுவாரா. 2021-இல் ஐந்து நாள் அவர் வீட்டுக்குப் போனேன், கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகத்தான் தூக்கை வாங்கினார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை அவரும் பேசினதில்லை, நானும் பேசினதில்லை. உள்ளதை எழுதினால் பொன்னாயி வீடும் நம் வீடும் கீழச்சாரியும் போய்விடும், போகச் சொன்னவள் நான் என்று ஆகிவிடும். வானம் மூன்று நாளாகக் கறுத்து நிற்கிறது, திங்கட்கிழமைக்குள் பெய்தால் நான் எழுதவே வேண்டாம், தெருவே காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

கை சுளுக்கிக்கொண்டது, எழுத முடியவில்லை என்று சொல்லித் துணி சுற்றி வைத்திருக்கிறேன். மத்தியானம் பொன்னாயி நல்லெண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு வந்து அரை மணி நேரம் நீவிவிட்டாள். ஒன்றுமில்லாத கையை. "சீக்கிரம் தேறிடும் அக்கா, உன்னத்தான் நம்பியிருக்கோம்" என்றாள். அவள் போனதும் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள் இப்போதுதான் எழுந்தேன். அந்தக் கையால்தான் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ இருக்கிற நாட்டில் கடலைவிடத் தாழ்வான தரையில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். அவர்களை யாரும் எழுந்து போ என்று சொல்லவில்லையே, அதற்கென்று ஏதோ வழி செய்திருக்கிறார்களே. அந்த வழி உன் பாடத்தில் இருக்குமே. அப்படி வழியில்லை, தண்ணீருக்கு இடம் விட்டே ஆக வேண்டும் என்றாலும் சரி, நான் சண்டைக்கு வரவில்லை, மூன்று படி தண்ணீரில் நின்றவள் நான். ஆனால் உன் படத்தில் ஏரிக்கு நீலம், மரத்துக்குப் பச்சை, நடைபாதைக்கு மஞ்சள் போட்டிருக்கிறாய், எழுந்து போகிற பதினாறு வீட்டை எங்கே வைப்பது என்று ஒரு புள்ளி கூட வைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே மேட்டில் புறம்போக்கு காலியாகக் கிடக்கிறது, 2021-இலும் அங்கே தண்ணீர் நிற்கவில்லை, நோட்டில் 63-ஆம் பக்கம் பார். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பொன்னாயி நடந்தே போய்விடலாம்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். கோடு போட்ட பதின்மூன்று வீட்டையும் படத்திலிருந்து எடுத்துவிட்டு, எடுத்ததற்குக் காரணத்தையும் எழுதி, கீழச்சாரிக்கு அந்த மேட்டில் இடம் குறித்து, உன் பெயரையே போட்டு அனுப்பு. அது கையில் இருந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு நானே மண்டபத்துக்குப் போகிறேன், விழுங்கின வரியை அம்மன் முன்னால் வாசித்துவிடுகிறேன். சாமிதுரை மாமாவின் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். அது இல்லாமல் போனால் என் வாய்ச்சொல் மட்டும்தான், அதை எந்த ஆபீஸில் எடுத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். படிப்புக்கு இதனால் கெடுதல் வருமென்றால் அதையும் மறைக்காமல் எழுது, உன் தலையில் ஏற்றிவிட்டு நான் நிம்மதியாக இருக்க முடியாது.

காளி உனக்குத் துணை இருப்பாள். திருநீறு அனுப்பியது தீர்ந்திருந்தால் சொல். ஈரத் தலையோடு வெளியே போகாதே. பொன்னாயி மறுபடியும் எண்ணெயோடு வரும் நேரமாகிவிட்டது, அதற்குள் துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும், நிறுத்துகிறேன்.

உன் அம்மா,
பூ. அமிர்தவல்லி

ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குப் பதில் எழுது.