சிலோன் மாலுமியின் ஒலிநாடா

குருநகர்,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

என் மகள் யசிந்தாவுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் படி ஏற மறுக்கிறது.

இதை எழுதுவது நான்தான், லவீனா அல்ல. நம்பாவிட்டால் வரிகள் கீழே சரிந்து போவதைப் பார். தம்பி மகன் றஞ்சித்தோடும் அவன் மனைவி லவீனாவோடும்தான் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். போன வருடம் பங்குக் கோவிலில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு தொடங்கினார்கள். எண்பத்து மூன்று வயதில் முதல் ஆளாய்ப் போய் உட்கார்ந்தேன். இப்போது பஸ்ஸின் நெற்றி, மருந்துப் பெட்டி, மீன்சந்தைப் பலகை எல்லாம் வாசிக்கிறேன். நல்லூர்ப் பக்கம் போனால் ரியூசன் வகுப்பு விளம்பரம் ஒன்றையும் விடுவதில்லை. "பெரியப்பா, வாசிச்சது காணும், நடவுங்கோ" என்று லவீனா கையைப் பிடித்து இழுப்பாள். உலகம் முழுக்க எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், பிள்ளை! இத்தனை காலமும் நான் அதை அழுக்கு என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன்.

வகுப்பில் எல்லோரும் முதலில் தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள். நான் உன் பெயரை எழுதிப் பழகினேன். அதன் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

லவீனா உன்னோடு போனில் கதைத்தபோது நீ சொன்னதை அவள் மறைக்கப் பார்த்தாள். விடாமல் கேட்டு வாங்கினேன். "அறுபது வருசமாய் என்ரை பேரை வாயாலை சொல்லாத மனுசன். நாயைக் கூப்பிடுற மாதிரி விசிலடிச்சுத்தான் கூப்பிட்டவர். அவருக்காக நான் ஏன் ஒரு கந்தோருக்குப் போகவேணும்?" என்றாயாம். நீ சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

ஆனால் அந்த அலுவலகத்தில் செவ்வாய்க்கிழமை வரைதான், நாளை மறுநாள் அல்ல, அதற்கு அடுத்த செவ்வாய் வரைதான், அந்தக் காலத்து ஒலிநாடாப் பெட்டிகளைத் திறந்து வைத்திருப்பார்கள். நான் ஒரு பக்கம் எழுத ஒரு நாளாகிறது. எழுத எழுத லவீனா படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். தயவுசெய்து வாசி.

செவ்வாய்.

நீ வாசித்துவிட்டாய். போனில் இரண்டு சரிக்கோடும் நீலமாகிவிட்டதை லவீனா காட்டினாள். பதில் இல்லை. அவசரமில்லை, ஆறுதலாகப் பதில் போடு என்று எழுதத்தான் நினைத்தேன். அது பொய்யாகிவிடும். இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது.

அறுபத்து மூன்றாம் ஆண்டு கொழும்பில் மாலுமியாகக் கப்பல் ஏறினேன். பாசையூர்க் கொலின்ஸ் அண்ணையும் அதே கப்பல். நடுக்கடலில் கப்பலின் அடித்தட்டுக்குள் விழுந்து எனக்குத் தலை அடிபட்டது. அதற்குப் பிறகு நித்திரை இல்லை. நீ இப்போது இருக்கிற அந்த நாட்டின் துறைமுகத்தில் என்னை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. துறைமுக ஆஸ்பத்திரியிலிருந்து மனநோய்க்கான வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு காகிதத்தை நீட்டினார்கள். கப்பலில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் பெருவிரல் வைப்பதுதான் எங்கள் வழக்கம். குளிக்கிற சவர்க்காரத்துக்கும் பெருவிரல், கரையில் இறங்கவும் பெருவிரல். இதற்கும் வைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

கொலின்ஸ் அண்ணை ஊருக்கு வந்து உன் அம்மாவிடம், "மேர்சி, சிமியோனுக்கு என்ன குறை? வெள்ளைக்காரத் தாதிமார் அப்பிள் வெட்டிக் குடுக்கினம்" என்று சொல்லியிருக்கிறார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். எங்கள் ஒழுங்கைச் சனம் அந்த அப்பிளை வைத்து எனக்கு அங்கே ஒரு முழுப் பெண்ணையே செய்துவிட்டது.

ஒருநாள் என் வாய்க்கு நேரே ஒலிவாங்கி ஒன்றை வைத்து, உன் மொழியிலேயே கதை என்று கையால் காட்டினார்கள். குரலைப் பதிந்து வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு சந்தோசமாகக் கதைத்தேன் தெரியுமா! வள்ளத்தைப் பற்றி, அம்மாவின் குழம்பைப் பற்றி, உன்னைப் பற்றி. அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நாடாவில் கைக்கு வந்த இடத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். அந்தத் துண்டு இதுதான்: "யசிந்தாவுக்கு மூண்டு வயது. கடலுக்குப் பயமில்லை."

வெள்ளி.

இந்தப் பக்கத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். காதுகளில் கருவியை மாட்டித் தலையோடு வார் போட்டு இறுக்கினார்கள். அதற்குள் என் குரலே வந்தது. அந்த ஒரு துண்டுதான். முடியும், கொஞ்சம் மௌனம், திரும்பத் தொடங்கும். இரவா பகலா என்று தெரியாது.

நீ சிரிக்கலாம். முதலில் அதை மன்றாட்டு மாலை என்று நினைத்துவிட்டேன். இங்கே செபமாலை முடிய ஒருவர் புனிதரின் பெயரைச் சொல்வார், மற்றவர்கள் பதில் சொல்வோம். காதில் ஒரு பெயர் வருகிறது, பிறகு மௌனம் வருகிறது. அந்த மௌனம் எனக்காக விட்ட இடம் என்று எண்ணி, ஒவ்வொரு தரமும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சத்தமாகச் சொன்னேன். மூன்று வயதுப் பிள்ளையைப் புனிதர்களோடு சேர்த்துவிட்டேன். வைத்தியர்கள் சுற்றி நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிவப்பு வெளிச்சம் எரியும் இன்னொரு கருவியைக் கொண்டுவந்து நான் சொல்வதையும் பதிந்தார்கள்.

வாரங்கள் போக அது பெயராக இருக்கவில்லை. வள்ளத்து எஞ்சின் சத்தம் போலாயிற்று. பிறகு அந்தச் சத்தம் தொடங்கும்போதே உடம்பு உதறத் தொடங்கியது. உன் முகம் போயிற்று. அம்மாவின் முகமும் போயிற்று. எட்டு மாதம் கழித்து என்னை அனுப்பினார்கள்.

வீட்டு வாசலில் அம்மா உன்னை முன்னால் தள்ளி, "யசிந்தா, அப்பா வந்திட்டார்" என்றாள். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். என்னைப் பற்றி உன் முதல் நினைவு அதுதான் என்று அறிவேன். கோவிலில் மன்றாட்டு மாலை தொடங்கினாலும் நான் எழும்பி வெளியே போனதை நீ பார்த்திருக்கிறாய்.

வேறு பெண் இல்லை என்று நான் சொல்வேன் என, எழுபத்தொன்பதாம் ஆண்டில் கண் மூடும்வரை அம்மா காத்திருந்தாள். நான் சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கே தெரியாது. அந்த எட்டு மாதத்தில் நான் யாராக இருந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தெரியாததைச் சத்தியம் பண்ண முடியவில்லை, பிள்ளை.

போன தவக்காலத்தில் நான் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். லவீனா பக்கத்தில் போனில் ஒரு நிகழ்ச்சி பார்த்தாள். மனிதரின் பழைய மனதை அழித்துவிட்டுப் புதிதாய் ஒன்றை எழுதலாமா என்று அறிய, அரசாங்கங்களும் உளவுக்காரர்களும் அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிகளுக்கு இரகசியமாகப் பணம் கொடுத்தார்களாம். அப்படி அகப்பட்ட ஒரு கிழவி கதைத்தாள். பிறகு ஒரு பழைய நாடாவைப் போட்டுக் காட்டினார்கள். ஒரே வசனம், திரும்பத் திரும்ப. என் கையிலிருந்த கத்தி விழுந்தது. கைகள் தாமாகக் காதுக்குப் போய்விட்டன. "பெரியப்பா, என்ன செய்யுது?" என்று லவீனா ஓடிவந்தாள். அன்றுதான் முதன்முதலாக ஒருவருக்குச் சொன்னேன்.

அகப்பட்டவர்களின் குடும்பங்கள் அங்கே சங்கமாகச் சேர்ந்திருக்கிறார்கள். லவீனா அவர்களுக்கு எழுதினாள். பெட்டிகளில் ஒரு நாடாவின் மேல் பெயர் இல்லையாம், "சிலோன் மாலுமி" என்று மட்டும் இருக்கிறதாம். அது என்ன மொழி என்றே ஒருவருக்கும் தெரியாதாம். அந்த நாட்டில் இருக்கிற இரத்த உறவு ஒருவர் நேரில் வந்து, கேட்டு, இன்னாருடையது என்று சொல்ல வேண்டுமாம். செவ்வாய்க்குப் பிறகு பெட்டிகளை மூடிக்கொண்டு போய்விடுவார்களாம். எனக்கு அங்கே இருக்கிற இரத்தம் நீ ஒருத்திதான்.

ஞாயிறு.

உன் பதில் வந்தது. "அப்படியெண்டால் என்ரை பேரை ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ. குரலைப் பதிஞ்சு அனுப்புங்கோ." நீ கேட்டது நியாயம்.

லவீனா போனைப் பிடித்தாள். பதிவு தொடங்கியதும் அதில் சிவப்புப் புள்ளி ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. திரும்பவும் முயன்றேன். கைகள் காதுக்குப் போய்விட்டன, றஞ்சித் பிடித்து இறக்கினான். உனக்கு வந்தது என் மூச்சு மட்டும்தான். நீ அதைக் கேட்டுவிட்டாய் என்று கோடுகள் சொல்கின்றன.

என்னால் வாயால் முடியாது. ஆனால் எழுத்துக்குச் சத்தம் இல்லை. இதைக் கண்டுபிடித்த நாளில் வகுப்பில் தனியாக இருந்து சிரித்தேன். உன் பெயரைக் கொப்பியின் மூன்று பக்கத்துக்கு எழுதினேன். எழுத எழுத அது தேயவில்லை. ஒவ்வொரு தரமும் நீயாகவே இருந்தாய்.

நேற்று, நாடாவைக் கேட்க உனக்கு அதிகாரம் கொடுக்கும் கடிதத்துக்காகச் சமாதான நீதவானிடம் போனோம். அவர் என் வயதைப் பார்த்துவிட்டு, பெருவிரல் வைக்க மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் திருப்பித் தள்ளிவிட்டு, "பேனை தாங்கோ" என்றேன். என் பெயர் முழுவதையும் எழுதினேன். "ஐயா, பள்ளிக்கூடப் பிள்ளையின்ரை எழுத்துப் போலை கிடக்கு" என்றார். "ஓம், போன வருசம்தான் சேர்ந்தனான்" என்றேன். எழுதுமுன் காகிதம் முழுவதையும் வாசித்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். அந்தக் கடிதத்தையும் லவீனா அனுப்பியிருக்கிறாள்.

யசிந்தா, நாளை மறுநாள் போ. எனக்கு நட்டஈடு வேண்டாம், யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். நான் உன் பெயரைச் சொன்னதே இல்லை என்றாயே. உலகத்தில் எந்தத் தகப்பனும் சொல்லாத தடவை சொல்லியிருக்கிறேன். அது அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது. இருபத்து மூன்று வயதுப் பெடியன் ஒருவன் உன் பெயரைச் சொல்வான், உனக்குக் கடலுக்குப் பயமில்லை என்று பெருமைப்படுவான். அதற்குப் பிறகு ஒரு மௌனம் வரும். அந்த இடத்தில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று யாரோ பதில் சொல்லக் கேட்டால், அது நான்தான். அப்படிச் செய்யக்கூடிய மடையன் அங்கே வேறு யாரும் இருந்திருக்க மாட்டான்.

ஒரு தரம் கேட்டால் போதும். இரண்டாம் தரம் தொடங்குமுன் கையைத் தூக்கி, நிறுத்துங்கள் என்று சொல். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு அவர்களுடைய மொழி தெரியவில்லை. உனக்குத் தெரியும், மகளே.

மாதா உன்னோடு கூட வரட்டும். உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன்.

உன் அப்பா,
சிமியோன்
(என் கையெழுத்து)