எந்த வாயு என்று சொல்லாத கணக்கு

அன்புள்ள பெரியவளுக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய் நொடியில்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. மாமாவின் ஏசி ரிப்பேர் கடையில் கம்ப்ரசர் வெடித்துவிட்டது. அவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் ஒரு கண் போய்விட்டது, வலது கையில் விரல்களும் போய்விட்டன.

உன் தங்கை பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கடை பெஞ்சில்தான் வேதியியல் கணக்குப் போடுவாள், உனக்குத் தெரியுமே. மாமாவும் ஸ்பேனரும் கையுமாகக் கூடவே போடுவான், அவனுக்கு அது சினிமா பார்க்கிற மாதிரி. அன்றைக்கு வாயுக் கணக்கு. இத்தனை மோல் வாயு, இத்தனை லிட்டர் சிலிண்டர், இவ்வளவு சூடு, அழுத்தம் எவ்வளவு என்று. இதுல எந்த வாயுன்னே போடலையே என்று கேட்டிருக்கிறான். எதுவா இருந்தா என்ன மாமா, விடை ஒண்ணுதான் என்று இவள் சொல்லியிருக்கிறாள். கசிவு பார்க்கக் கம்ப்ரசரில் அடைக்கிற நைட்ரஜன் தீர்ந்துபோயிருந்தது, எதுவாக இருந்தால் என்ன என்று இந்த மகராசன் வெல்டிங்குக்கு வைத்திருந்த ஆக்சிஜனை இழுத்து மாட்டித் திறந்துவிட்டான். எண்ணெய் இருக்கிற மெஷின்ல ஆக்சிஜன அடைச்சா கொஞ்சுமா என்று தீயணைப்புக்காரர் என்னிடம் கத்தினார். இரும்பு மூடி கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது, ஷட்டர், சுவர், இவள் புத்தகம் எல்லாம் ரத்தம், பெஞ்சில் இருந்த இவள்மேல் ஒரு கீறல் இல்லை. அறுந்து கிடந்த விரல்களை இவள்தான் துப்பட்டாவில் பொறுக்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த வேகத்தில் அத்தை இவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள், உன் படிப்பு எம்புருஷன் கண்ணத் தின்னுடுச்சேடி என்று. நான் சும்மா இருப்பேனா, விட்ட அறையில் அவள் கம்மல் தெறித்து விழுந்தது, நர்சுகள் வந்து பிரித்துவிட்டார்கள். அடித்ததற்கு எனக்கு வருத்தமே இல்லை, இன்னும் கை அரிக்கிறது. ஆனால் சின்னவள், அத்தை அடிச்சது பத்தாதும்மா என்கிறாள். நைட்ரஜனில் அணுக்கள் மூன்று கை போட்டு இறுக்கிப் பிடித்திருக்கும், லேசில் விடாது, ஆக்சிஜன் அப்படியில்லை, எதையாவது பிடித்து எரிக்கப் பார்க்கும் என்று மாமாவுக்குப் பாடம் எடுத்தவளே அவள்தானாம். தெரிந்திருந்தும் சொல்லவில்லையே என்று சுவரில் குத்திக் குத்தி கை முட்டியெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. புத்தகத்தை அடுப்பில் போட்டுவிட்டாள். அடுத்த வாரம் பரீட்சை, எழுத மாட்டாளாம். மாமாவோ அந்தக் கழுதைய வரச்சொல்லு, மிச்சக் கணக்க யார் போடறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். இவள் வார்டு வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, ராத்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

கண்ணும் கையும் முழுசாக, நூறு வயசு நீ நன்றாக இருக்க வேண்டும். ஆய்வகத்தில் கண்ணாடி மாட்டாமல் எதையும் திறக்காதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதையே படித்தவள் நீ. எந்த வாயுவானாலும் விடை ஒன்றுதான் என்று அவள் சொன்னது சரிதானா? சரி என்றால் உடனே அவளுக்கு எழுது. தப்பு என்றால் எனக்கு மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா