பச்சை அடிப்புறம் கொண்ட வெள்ளைக்கும் ஓர் ஆதண்டைப் புதருக்கும் இடம் வேண்டி

அனுப்புநர்:
கு. ஜம்புநாதன்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கல்லிடைக்குறிச்சி.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
நீர்வளத் துறை,
அம்பாசமுத்திரம்.

பொருள்: வாய்க்கால் கரையைச் சுத்தம் செய்யும்போது, படித்துறை அருகே உள்ள ஆதண்டைப் புதரை மட்டும் வெட்டாமல் விடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நேரம் வீணாகாதிருக்க, மனுவின் உள்ளடக்கத்தை முதலில் தருகிறேன்: (1) இரு பட்டாம்பூச்சிகளின் வேறுபாடு, (2) புதரின் தேவை, (3) எதிர்ப்பு.

1. எங்கும் பறக்கும் வெள்ளைப் பட்டாம்பூச்சியைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். மலைப்பக்கம் அதற்கு ஓர் உறவினம் உண்டு; அருகிவருவது. பறக்கும்போது இரண்டும் வெள்ளைதான். இறகை மூடி உட்கார்ந்தால்தான் வேறுபாடு தெரியும். சாதாரணமானதன் அடிப்புறம் வெளிர்மஞ்சள். கரிய நரம்புகள் கோடு போட்டாற்போல் இருக்கும். அரியதன் அடிப்புறம் பாசிப்பச்சை. நரம்புகள் அதில் கரைந்துவிடும். சென்ற வியாழனன்று பச்சையைப் பார்த்தேன். சந்தேகப்பட்டுக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தேன். அப்போதும் பச்சைதான். பூச்சிகளைப் பற்றி ஆய்வு செய்யும் பத்மப்ரியா என்ற மாணவி, படத்தைப் பார்த்து உறுதி செய்தார். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகிழ்ச்சியால்தான் என்பதைத் தெளிவுபடுத்துகிறேன்.

2. அது ஆதண்டைத் தளிரில் முட்டையிட்டதையும் கண்டேன். புழுவுக்கு அந்த இலைதான் உணவு. திங்களன்று இயந்திரம் வந்தால் எல்லாம் போய்விடும்.

3. அண்டை வீட்டு முத்துராணி அம்மாள் இதற்கு இணங்கமாட்டார். துவைத்துவிட்டுப் படியேறும்போது அந்தப் புதரின் முள் இழுத்து அவருடைய சிவப்புச் சேலை கிழிந்தது. கரையைச் சுத்தம் செய்யக் கோரியவரே அவர்தான். "பூச்சிக்குப் பாவம் பாக்குதிய. எஞ் சேலைக்கு யாரு பாவம் பாப்பா, சார்வாள்?" என்று கேட்டார். அவரிடம் தாங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

படிப்பக்கம் நீளும் கிளைகளை நானே வளைத்துக் கட்டிவிடுகிறேன். புதரை மட்டும் விட்டுவைக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.

கல்லிடைக்குறிச்சி,
19.09.2025

தங்கள் உண்மையுள்ள,
கு. ஜம்புநாதன்

பின்குறிப்பு: மூன்றாவது பத்தி தவறு; மன்னிக்கவும். மனுவை நேரில் தரக் கிளம்பியபோது, புதரைச் சுற்றி ஒரு சேலை கட்டியிருக்கக் கண்டேன். கிழிந்த அதே சேலை. கட்டியவர் முத்துராணி அம்மாளே. "மிஷின்காரன் கண்ணுல படணும்லா, சார்வாள்! ஒம்ம பச்சையை நானும் பாத்துட்டேன். என்னா அழகுங்கியோ!" என்றார். ஆகவே எதிர்ப்பு எதுவும் இல்லை. புதருக்கு அடையாளம் குறிப்பிட மறந்திருந்தேன். சிவப்புச் சேலை கட்டியிருக்கும்.